பழிக்கு இட்ட பசளை

ரசாயனப் பசளை போடாத சேதன விவசாயம் படிக்கப் போனவர்கள் பலர், மண்ணின்மேல் இருந்த ஆசையால் போனதாகப் பிற்காலத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிப் போகவில்லை. ஒரு மனுசனுடைய கடைக் கதவை இழுத்து மூட வேண்டும் என்று போனேன். மூடினேன். அந்தக் கதையை யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்ல விருப்பம்.

எங்கள் ஊர் ஈச்சிலம்பற்றுப் பக்கம். வயலும் கடலும்தான் பிழைப்பு. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யூரியாவில் வெடி செய்யலாம் என்று சொல்லி, ராணுவத்தின் சோதனைச் சாவடிக்கு அங்கால் எங்கள் பக்கத்துக்கு யூரியா கொண்டுவரத் தடை போட்டிருந்தார்கள். பற்றரிக்கும் தடை, சீமெந்துக்கும் தடை. பற்றரி இல்லாமல் வானொலி கேட்காமல் இருக்கலாம். சீமெந்து இல்லாமல் மண் வீட்டில் இருக்கலாம். யூரியாவுக்குப் பழகிப்போன வயல் அது இல்லாமல் என்ன செய்யும்? பயிர் மஞ்சள் பூத்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

ஆனால் சந்தியில் இருந்த ஒரு கடையில் மட்டும் யூரியா கிடைக்கும். அந்தக் கடைக்காரர் என் கணவருக்குப் பெரியப்பா மகன். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். எந்த வழியாக, யாருடைய கண்ணை மூட வைத்துக் கொண்டுவருகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்காது. அவர் சொன்ன விலைக்கு, அவர் அளந்து தந்ததை வாங்கிக்கொண்டு, "பெரிய உதவி அண்ணை" என்று சொல்லிவிட்டு வரவேண்டும். ஆட்கள் கும்பிடாத குறையாகத்தான் அந்தக் கடைக்குள் போனார்கள்.

என் கணவர் அதிகம் கதைக்காத மனிதர். ஆனாலும் ஒரு மாரிப் போகத்தில் அவருக்கு ரோசம் வந்தது. மூதூரில் தெரிந்த ஒருவரிடம் கொஞ்சம் யூரியா வாங்கி, உமி மூட்டைக்குள் புதைத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவதாக என்னிடம் சொன்னார். நான்தான் மூட்டையைத் தைத்துக் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம். மூதூர்க்காரர் எங்கள் கடைக்காரருக்கும் தெரிந்தவர் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

சாவடியில் அன்று நிறையச் சைக்கிள்கள் வரிசையில் நின்றன. மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, நேரே என் கணவரிடம் வந்து அவரை மறித்தார்களாம். ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் ஊருக்கு வந்தது. எதற்காக, எதோடு என்று செய்தி கொண்டுவந்தவருக்கே தெரியாது. நான் முற்றத்தில் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அப்போது அத்தான் வந்தார். வந்த மனுசன் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"உமிக்குள்ளை வைச்சால் அவங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சிட்டான். என்னட்டைக் கேட்டிருந்தால் நான் தந்திருப்பன் தானே, பிள்ளை."

உமி என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். தான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அவர் போன பிறகும் அவர் பிடித்திருந்த அந்த வேலிக் கதியாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடுங்கி எறியவேண்டும்போல் இருந்தது. பிறகுதான் யோசித்தேன், பிடுங்க வேண்டியது அதை இல்லை என்று.

கணவரைத் திருகோணமலைச் சிறையில் மறியலில் வைத்திருந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை பார்க்க விடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து மூதூர் வரைக்கும் உழவு இயந்திரத்திலோ சைக்கிளிலோ போய், அங்கிருந்து லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து துறைமுகத்துக்குப் போகவேண்டும். போகும்போதும் சோதனை, வரும்போதும் சோதனை. கடல் கொந்தளித்தால் லோஞ்ச் ஓடாது. அப்படி ஒருமுறை திரும்ப வழியில்லாமல், தங்க இடமும் இல்லாமல் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு சமூகக் கல்லூரியின் வாசலில் தண்ணீர்க் குழாய் இருந்தது. குடிக்கப் போனேன்.

அங்கே தையல், தட்டச்சு, மின்கம்பி வேலை எல்லாம் படிப்பித்தார்கள். புதிதாகச் சேதன விவசாய வகுப்பு ஒன்றும் தொடங்கவிருந்தார்கள். பசளை போக முடியாத ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் படிப்பு இலவசம், தூரத்துப் பெண்களுக்கு மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்க இடமும் உண்டு என்றார்கள். எனக்கு முதலில் காதில் விழுந்தது பாய்தான். மறியலுக்குப் பக்கத்தில் தங்க ஓர் இடம். அடுத்ததாக, யூரியா இல்லாமலே பயிர் செய்யலாம் என்று அந்த அலுவலகத்திலிருந்த பெண் சொன்னது விழுந்தது.

"யூரியா இல்லாமலோ?" என்று திரும்பக் கேட்டேன்.

"ஓம் அக்கா. ஒரு சிறங்கையும் வேண்டாம்."

யூரியா ஒரு சிறங்கையும் வேண்டாம் என்றால், அத்தானின் கடையும் வேண்டாம். இந்த ஒரு கணக்குத்தான் என் மனதில் ஓடியது. அந்த இடத்திலேயே சேர்ந்தேன்.

படிப்பித்தவ என்னைவிட வயது குறைந்தவ. விவசாயம் படித்துப் பட்டம் பெற்றுவந்த பெண். நாங்கள் ரீச்சர் என்று கூப்பிடுவோம், அவ எங்களை அக்கா, அண்ணை என்பா. கதைக்கும்போது கை சும்மா இருக்காது, எதையாவது கிள்ளிக்கொண்டோ கிளறிக்கொண்டோதான் இருப்பா. முதல் நாள் எல்லோரையும் வட்டமாக இருத்தி, ஏன் வந்தீர்கள் என்று கேட்டா. ஒருவர் மண்ணைப் பற்றிச் சொன்னார். ஒருவர் நோயில்லாத சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். என் முறை வந்தபோது, "எங்கடை பக்கம் பசளை இல்லை. அதாலை வந்தனான்" என்று சொன்னேன். அதில் பொய் இல்லை.

என் பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தா. முஸ்லிம் பெண்கள் அக்காவைச் சொல்வதுபோல் நானும் அவவை ராத்தா என்று கூப்பிட்டேன். அவவுடைய கணவர் கடற்றொழில். கடலுக்குப் போகக் கடற்படையின் 'பாஸ்' கிடைக்காத நாட்கள்தான் அந்தக் காலத்தில் அதிகம். அதனால் வீட்டு வளவில் மரக்கறி போட்டுப் பிழைக்கப் பார்ப்போம் என்று வந்திருந்தா. நல்ல பகிடிக்காரி. ஏன் வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவ சொன்ன பதில்: "பசிக்குது ரீச்சர், அதான்."

கல்லூரிக்குப் பின்னால் சரிவான ஒரு துண்டு நிலம் இருந்தது. கல்லும் மண்ணுமாகக் கிடக்கும். மரங்களுக்கிடையால் உள்துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் நிற்பது தெரியும். சீனன்குடாப் பக்கம் விமானம் இறங்கும்போது ரீச்சர் பேச்சை நிறுத்துவா. சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவா. அந்தத் துண்டு நிலத்தில்தான் நாங்கள் கூட்டெரு போடப் பழகினோம். அடியில் தடித்த குச்சிகள், மேலே வைக்கோல், அதன்மேல் கிளிசரியா மரத்து இலை, பிறகு கரைத்த சாணம், சாம்பல், கொஞ்சம் மேல்மண். திரும்பவும் வைக்கோல். இப்படி அடுக்கடுக்காக இடுப்பளவுக்கு உயர்த்தி, நடுவில் ஒரு தடியைச் செருகி வைப்போம். சில நாட்களில் தடியை உருவிக் கையால் தொட்டால் சுடும். சுட்டால் சரியாக வேகிறது. குளிர்ந்து கிடந்தால் எங்கோ பிழை.

என்னுடைய முதல் குவியல் நாறியது. செத்த எலி நாற்றம். தண்ணீர் கூடிவிட்டது என்றா ரீச்சர். நான் பிரித்துப் போட்டு, காயவிட்டு, திரும்ப அடுக்கினேன். இரண்டாவது குவியல் குளிர்ந்து கிடந்தது. மூன்றாவதில் தடி சுட்டபோது எனக்குள் ஏறிய சந்தோசத்தை என்னவென்று சொல்வது! மற்றவர்கள் மண்ணைத் தொட்டுச் சிரித்தார்கள். நான் அத்தானின் கடைக் கதவை நினைத்துச் சிரித்தேன். குவியலைப் புரட்டும் நாளில் மண்வெட்டியை ஓங்கி ஓங்கிப் போடுவேன். ஒருநாள் ரீச்சர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தா.

"அக்கா, நீங்கள் எரு புரட்டுறீங்களா, ஆரையும் வெட்டுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் குழாயடியில் கை கால் கழுவும்போது, "யாரு அந்த ஆள்?" என்று கேட்டா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உமி மூட்டை, சாவடி, வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன சொல், எல்லாம். என் கணவரைத் தவிர நான் அதைச் சொன்ன முதல் ஆள் ராத்தாதான். கணவரிடம் மறியல் கம்பிக்கு வெளியே நின்று சொன்னபோது அவர், "விடு. நிரூபிக்க ஏலாது. ஊரிலை இருக்கோணும் நாங்கள்" என்று சொல்லியிருந்தார். அவருடைய ஒரு காது அப்போது கேட்காமல் போயிருந்தது. மறுபக்கம் திரும்பி நின்றுதான் என்னோடு கதைத்தார். காதுக்கு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி விடுவது?

ராத்தா விடச் சொல்லவில்லை. முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டுச் சொன்னா:

"தங்கச்சி, அவன்ட கடைய நீ மூடினா அடுத்த நாள் சனம் எங்க போகும்? வயலுக்கு என்னத்தப் போடும்? ரெண்டே நாள்ல நீதான் கெட்டவ, அவன் நல்லவன் எண்டு ஆயிரும். முதல்ல உன்ட வளவுல எரு இருக்கணும். சனம் அத வாங்கிப் போட்டுப் பார்க்கணும். பிறகு அவனைப் பாரு."

எனக்கு அது உறைத்தது. அதுவரை நான் சத்தம் போட்டு, சந்தியில் நின்று மண் வாரித் தூற்றத்தான் நினைத்திருந்தேன். அதன் பிறகு வகுப்பில் கண்ணைக்கூட மூடாமல் இருந்து படித்தேன். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்துப் புழுவுக்கு அடிப்பது, மீன் குடலையும் தலையையும் சர்க்கரையோடு வாளியில் மூடிப் புளிக்கவைத்துத் தண்ணீரில் கலந்து தெளிப்பது, வரம்பு முழுக்கக் கிளிசரியா நட்டு இலையை வெட்டி வயலில் மிதிப்பது, அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பிக் கொடுப்பது. மீன் கழிவை ராத்தா கிண்ணியாவிலிருந்து வாளியில் கொண்டுவருவா. அந்த வாளியோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்களாம். "எனக்கு ரெண்டு சீற்" என்பா.

ஒருநாள் ரீச்சர் ஒரு மண் அடுப்பையும் ஒரு தாச்சிச் சட்டியையும் வகுப்புக்குக் கொண்டுவந்தா. "நாங்கள் யூரியா பாவிக்கிறதில்லை. ஆனால் அதைப் பற்றித் தெரிஞ்சு வைச்சிருக்கோணும். தட்டுப்பாடான இடங்களிலை கலப்படம் செய்வாங்கள்" என்று சொல்லிவிட்டு, கல்லூரியில் மாதிரிக்கு வைத்திருந்த நல்ல யூரியாவை ஒரு சிட்டிகை தாச்சியில் போட்டா. அது உருகித் தண்ணீராகி, மூக்கைக் குத்தும் புகை விட்டு, பார்த்துக்கொண்டிருக்கவே இல்லாமல் போய்விட்டது. தாச்சி வெறுமை. அடுத்து, உப்புக் கலந்த யூரியாவைப் போட்டா. யூரியா உருகிப் போனது. உப்பு வெடித்து வெடித்துத் தாச்சியிலேயே கிடந்தது.

நான் எழும்பி அடுப்புக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். போன போகத்தில் அத்தானிடம் வாங்கிய யூரியா போட்ட பிறகு எங்கள் நெல்லின் நுனி கருகியது. பக்கத்து வயலிலும் கருகியது. வெயில் என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். அத்தானோ, "நீங்கள் போடுற விதம் பிழை" என்று எல்லோரையும் கடையில் வைத்து ஏசினார். அது கலப்படம்தான் என்பதில் அந்த அடுப்படியில் வைத்தே எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. ராத்தாவுக்கும் சொல்லவில்லை. இதை வீணாகச் செலவழிக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

படிப்பு முடிகிற காலத்தில்தான் கணவரை விட்டார்கள். இருவருமாக லோஞ்சில் திரும்பினோம். ரீச்சர் எனக்குப் பயறு விதையும் கத்தரி விதையும் பொட்டலம் கட்டித் தந்திருந்தா. கணவர் குடாவைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவருடைய நல்ல காதுப் பக்கம் இருந்துகொண்டு கூட்டெருவைப் பற்றியே கதைத்தேன். "நல்ல விருப்பமாய்ப் படிச்சிருக்கிறாய்" என்று சொன்னார் பாவம்.

வந்ததும் வளவின் பின்பக்கத்தை முழுக்கக் குவியலாக்கினேன். ஊரார் முதலில் சிரித்தார்கள். மறியலுக்குப் போய்வந்தவனின் பெண்சாதி குப்பை பொறுக்குகிறாள் என்றார்கள். அத்தானும் அந்த வழியால் போகும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன பிள்ளை, இதுதான் ரவுணிலை படிப்பிச்சவங்களோ?" என்று கேட்டார். "ஓம் அத்தான்" என்றேன். நன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரை எப்போது பார்த்தாலும் சிரிப்பேன். அவருக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

கத்தரியும் மிளகாயும் முதலில் வாய் திறந்தன. என் வளவுக் கத்தரி காய்த்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் கேட்டவர்களுக்கெல்லாம் எரு கொடுத்தேன். செய்யவும் பழக்கினேன். கடலோரத்து ஆட்களிடம் மீன் கழிவு வாங்கி வாளி வாளியாகப் புளிக்க வைத்தோம். நெல்லுக்கு அது அவ்வளவு லேசில் வரவில்லை. முதல் போகத்தில் எங்கள் வயல் யூரியா போட்ட வயலைப்போல் கரும்பச்சையாக நிற்கவில்லை. கணவர் வரம்பில் நின்று பெருமூச்சு விட்டார். ஆனால் நுனி கருகவில்லை, பூச்சி குறைவாக இருந்தது, கதிரும் மோசமில்லை. அடுத்த போகத்துக்கு எங்கள் வரிசையில் பாதி வயல்களின் வரம்புகளில் கிளிசரியா நின்றது. அப்போதுதான் எனக்கு நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது.

விவசாயிகள் சங்கக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும். அத்தான்தான் பொருளாளர். முன்னால் கதிரையில், வெள்ளைச் சேட்டோடு இருந்தார். தலைவர் என்னை எரு செய்யும் முறையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார். நான் மண் அடுப்பு, விறகு, தாச்சி எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தேன். எருவைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு அடுப்பை மூட்டினேன்.

"ஆரேன் ஒரு சிறங்கை யூரியா தாங்கோ. வீட்டிலை மிச்சம் இருக்கிறதைக் கொண்டுவந்தால் போதும்" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போய்த் தன் சாக்கிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்.

"இது எங்கை வாங்கினது, அண்ணை?"

"வேறை எங்கை? இவரட்டைத்தான்."

நல்ல யூரியா என்றால் தாச்சியில் ஒன்றும் மிஞ்சாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறகு போட்டேன். புகை வந்தது. முன்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். யூரியா உருகிப் போய் முடிந்தது. தாச்சியில் வெள்ளையாக மிச்சம் கிடந்தது. கொஞ்சநஞ்சமில்லை, தாச்சியின் அடி மூடிக் கிடந்தது. அத்தான் எழும்பினார்.

"நெருப்பிலை வைச்சால் எதுவும் கருகும். இது என்ன பேய்க் கூத்து?"

"இது கருகேல்லை, அத்தான்" என்றேன். தாச்சியை இறக்கி ஆறவிட்டு, அவருக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்தேன். "நக்கிப் பாருங்கோ."

அவர் நக்கவில்லை. யூரியா கொண்டுவந்து தந்த மனுசன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தார். அடுத்தவர் வந்து தொட்டார். அதற்கடுத்தவர். வரிசையாக வந்து, கோயிலில் விபூதி எடுப்பதுபோல் ஒவ்வொருவராக எடுத்து நாக்கில் வைத்துவிட்டுப் போனார்கள். கடைசி வாங்குப் பலகையில் இருந்த ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எங்கடை வயலுக்கு உப்பு வித்தவனடா இவன்!"

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சத்தம்தான். அத்தான் என்னைப் பார்த்துக் கத்தினார்: "உன்ரை புருசன் களவாய் யூரியா கடத்தினவன். அவன்ரை பெண்சாதிக்கு என்ன கதை?"

"ஓம், கடத்தினவர்" என்றேன். "அது உப்பில்லாத யூரியா. அதுதான் உங்களுக்குப் பொறுக்கேல்லை."

ஆட்கள் என்னை விட்டு அத்தானைப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சாவடி வரிசை ஞாபகம் வந்திருக்க வேண்டும். கணவர் கதவடியில் நின்றார். அவருக்குக் கேட்டதா, இல்லையா தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். நான் தாச்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒரு தாச்சி போனால் போகட்டும். அன்றைக்குச் சோறு எனக்கு ருசித்ததுபோல் கலியாண வீட்டிலும் ருசித்ததில்லை.

அடுத்த நாள் கடை வாசலில் யாரோ ஒரு சாக்கு யூரியாவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கடுத்த நாட்களில் இன்னும் பலர் கொட்டினார்கள். சீனி, தேயிலை வாங்கவும் ஆட்கள் அடுத்த சந்திக்குப் போகத் தொடங்கினார்கள். விற்பனை நின்றதும் சாவடியில் கண்ணை மூடியவர்களும் அத்தானைக் கைவிட்டார்கள் என்று கதை வந்தது. ஒருநாள் சந்தியால் போகும்போது பார்த்தேன், கடைப் பலகைகள் போட்டுப் பூட்டியிருந்தது. சும்மா அந்தப் பக்கம் திரும்பவும் ஒருமுறை நடந்தேன். அதற்கு அடுத்த நாளும் நடந்தேன்.

அத்தானுக்கும் வயல் இருந்தது. தன் வயலுக்கு அவர் நல்ல யூரியாவையே போட்டுவந்திருக்கிறார். இப்போது அதுவும் இல்லை. அவருடைய நெல் மஞ்சள் பூத்து நின்றது. எங்கள் வயலுக்குப் போகும் வழி அதனோரமாகத்தான். நான் மெதுவாக நடப்பேன்.

ஒருநாள் பின்வளவில் பார்த்தபோது முற்றிய எரு குறைந்திருந்தது. கணவரைக் கேட்டேன். மழுப்பத் தெரியாத மனுசன்.

"அவனுக்குக் கொஞ்சம் குடுத்தனான்."

"ஆருக்கு?"

"அவன்ரை பிள்ளையள் சாப்பிடோணும்."

நான் அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். அவருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்விடுவேன். எனக்கு அத்தானிடம் இருந்த கோபத்தைவிட அப்போது இவரிடம் இருந்த கோபம்தான் பெரிது. காது போனது இவருக்கு. மறியலில் கிடந்தது இவர். இவருக்காக நான் சாணமும் மீன் குடலும் கரைத்துக் கையெல்லாம் புண்ணாகி நிற்க, இவர் அந்த எருவை அள்ளி அவனுக்கே கொடுத்திருக்கிறார். யாரிடம் சொல்லி அழுவது?

பல நாட்கள் கழித்து நானாகத்தான் கதைத்தேன்.

"குடுக்கிறதெண்டால் குடுங்கோ. ஆனால் களவாய் வேண்டாம். அவர் பகலிலை, ரோட்டாலை வரட்டும். என்னட்டை வந்து கேக்கட்டும். தன்ரை தலையிலை சுமந்துகொண்டு போகட்டும். சைக்கிளிலை கட்ட விடமாட்டன்."

"ஏனப்பா இப்பிடி?"

"அப்பிடித்தான்."

அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளைச் சேட்டு இல்லை, பழைய சாரமும் பெனியனும். ஆட்கள் வயலால் திரும்பி வருகிற வேளை. வேலிக்கு வெளியே நின்று, "பிள்ளை, எரு கொஞ்சம் வேணும்" என்றார். படலையைத் திறந்துவிட்டேன். குவியலைக் காட்டினேன். மண்வெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். அவரே சாக்கில் அள்ளினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாக்கின் வாயைக் கட்டும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் சொல்லாட்டியும் அவங்கள் அண்டைக்குப் பிடிச்சிருப்பாங்கள், பிள்ளை. அப்பிடிச் சோதனை அது."

நான் அந்த வாயிலிருந்து கேட்கவேண்டும் என்று காத்திருந்த சொல், எருக் குவியலடியில், கேட்காமலே வந்து விழுந்தது.

"பிடிச்சிருப்பாங்களோ என்னவோ" என்றேன். "சொன்னது நீங்கள்."

அவர் சாக்கைத் தூக்கித் தலையில் வைக்க இரண்டுமுறை முயன்றார். முடியவில்லை. கணவர் வீட்டுக்குள் இருந்து வந்து தூக்கிவிட்டார். நான் தடுக்கவில்லை. சாக்கு ஈரமானது. எருத் தண்ணி அவருடைய கழுத்தால் வடிந்து பெனியனில் இறங்கியது. அவர் தெருவால் போனார். ஆட்கள் சைக்கிளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரைக்கும் நான் படலையடியில் நின்றேன். அந்தப் போகம் முழுக்க அவர் வந்தார். ஒவ்வொரு முறையும் படலையடியில் நின்று பார்த்தேன். ஒருமுறைகூட எனக்கு அலுக்கவில்லை.

பிறகு அவர் குடும்பத்தோடு நகரத்துப் பக்கம் போய்விட்டார். சந்திக் கடையைச் சங்கம் எடுத்து, அதில் எருச் சாக்குகளை அடுக்கி வைத்தது. பூட்டுத் திறப்பு என் கையில் இருந்தது. போர்நிறுத்தம் வந்து யூரியா வாசல்வரைக்கும் லொறியில் வந்த காலத்தில் பலர் பழையபடி அதற்குத் திரும்பினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் தொடர்ந்தும் எருவோடுதான் இருந்தேன். வெறுப்பில் பழகிய வேலைதான், ஆனாலும் கை அதற்குப் பழகிவிட்டது. திரும்ப யுத்தம் வந்து ஊரே ஓடியபோது, போன இடத்திலும் முகாம் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் குவியல் போட்டேன்.

நாங்கள் ஊர் திரும்பிச் சில காலத்துக்குப் பிறகு அத்தான் செத்துப்போன செய்தி வந்தது. கணவர் வேட்டி கட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"வாறியோ?"

"நான் வரேல்லை."

"செத்தவனோடை என்ன கோபம்?"

"நீங்கள் போட்டு வாங்கோ."

அவர் போனார். நான் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர் திரும்பி வந்து, கிணற்றடியில் தலை தோய்ந்துவிட்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பி இருந்துகொண்டு செத்தவீட்டைப் பற்றிச் சொன்னார். யார் யார் வந்தார்கள், பெண்சாதி எப்படி அழுதா, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டேன். மனம் இளகும் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இளகவில்லை. அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, நானும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.